கறையான் தின்ற சாசனங்கள்

ஓர் அரசின் இயல்பை அறிய விரும்புவோர், அது யாரிடம் எவ்வளவு வரி அறவிட்டது என்று ஆராய்வது வழக்கம். யாருக்கு அது வரிவிலக்கு அளித்தது, அளித்த விலக்கை எக்காரணம் கூறிப் பறித்தது என்று ஆராய்வோர் சிலரே. இரண்டாவது வினா முதலாவதைக் காட்டிலும் பல வேளைகளிற் கூடுதலான உண்மையை வெளிப்படுத்த வல்லது. வரி விதிக்கும்போது அரசு தன் தேவையைக் கூறுகிறது. விலக்கைப் பறிக்கும்போதோ அது நீதியின் பெயராற் பேசவேண்டியிருக்கிறது. அந்நீதி எத்தகையது என்பதை அப்பொழுதே நாம் காண்கிறோம்.

விலக்கு நீங்குவதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. ஒரு கிராமத்துப் பாடசாலையை நடத்துவதற்கென ஒரு காணி வரியின்றி விடப்பட்டது எனக் கொள்வோம். பாடசாலை மூடப்பட்டு, காணியின் விளைவை ஒருவர் தம் வீட்டுக்குக் கொண்டுசெல்வாராயின் விலக்கு நீங்குதல் முறையே. அதனை எவரும் குறைகூறார். ஆனால், பாடசாலை நாள்தோறும் நடைபெறுகிறது; பிள்ளைகள் எழுத்தறிகின்றனர்; காணியின் விளைவு ஆசிரியரின் உணவுக்கன்றி வேறெதற்கும் செல்வதில்லை. எனினும், குறித்த ஆண்டிற் குறித்த ஏட்டில் அக்காணி பதியப்படவில்லை; அல்லது மூலச் சாசனம் இன்று கையில் இல்லை. ஆதலால் விலக்கும் இல்லை என்று அதிகாரி தீர்ப்பளிக்கிறார். முன்னதிற் பிழைத்தது விலக்கின் நோக்கம். பின்னதிற் பிழைத்தது நடைமுறை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிய ஓர் ஆட்சி எத்தகைய அழிவை விளைவித்தது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளம் சான்றாக நிற்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய எம் வாசகர்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், அங்கு பலியானவற்றுட் பாடசாலைகளும் இருந்தன.

இறையிலி நிலங்கள்

வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைப் பண்டைத் தமிழ்ச் சாசனங்கள் இறையிலி என்று குறித்தன. அதே பொருளை உடைய லாகிராஜ் என்னும் சொல் வங்காளத்தில் வழங்கிற்று. இந்நிலங்கள் பல திறத்தன. முகலாயப் பேரரசர் நேரே வழங்கியவை பாதுசாகி எனப்பட்டன. மாகாண அதிகாரிகளும் ஜமீன்தார்களும் வழங்கியவை மற்றொரு வகையின. பிராமணருக்கு விட்ட நிலம் பிரமோத்தரம். கோயிலுக்கு விட்டது தேவோத்தரம். முஸ்லிம் ஞானியரின் அடக்கத்தலங்களுக்கு விட்டது பீரோத்தரம். அங்கு விளக்கெரிக்க விட்டது சிராகி. அறிஞரும் வறியோரும் வாழ்வதற்கென விடப்பட்ட நிலங்களும் இருந்தன. இந்துக்களின் சமஸ்கிருதக் கல்விக்கூடங்களான தோல்கள் பலவும், முஸ்லிம்களின் மதரசாக்கள் பலவும் இத்தகைய நிலங்களின் வருவாயிலேயே உயிர்வாழ்ந்தன.

இந்நிலங்கள் யாவும் அறத்தின் விளைவு என்று நாம் கருதவில்லை. நிலமானிய அமைப்பில் வரிவிலக்கு என்பது பெரும்பாலும் சலுகை பெற்ற வகுப்பாரின் உடைமையாகவே இருந்தது. நிலத்தை உழுதவன் அரசுக்குக் கொடாத பங்கினை விலக்குப் பெற்றவருக்குக் கொடுத்தான். அவன் சுமை அதனாற் குறைந்ததில்லை. போலிச் சாசனங்களும் இருந்தன. முகலாய ஆட்சி தளர்ந்த காலத்திலும், கம்பனி ஆட்சி கால்கொண்ட குழப்பத்திலும், ஜமீன்தார்களும் அவர்களுடைய கணக்கர்களும் வரிநிலத்தை இறையிலி நிலமாக எழுதிக்கொண்டமை மெய்யே. இவற்றை மறைத்துவிட்டுப் பழைய காலத்துக்காகக் கண்ணீர் விடுவது முற்போக்காளருக்கு ஏற்ற செயலன்று. எமது வினா வேறு. போலியை மெய்யினின்றும் பிரிப்பதற்கென வகுக்கப்பட்ட முறை எதைப் பிரித்தது? யாரைத் தப்பவிட்டது? யாரை வீழ்த்தியது?

1793இன் விதிகள்

1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வழங்கினார். வரி அறவிடும் உரிமை ஒரு வணிகக் குழுவின் கைக்கு வந்தது. இறையிலி நிலங்கள் பரந்து கிடப்பதைக் கண்டு அவ்வணிகர் மனம் புழுங்கியதில் வியப்பில்லை. ஆயினும் அக்காலத்தில் அந்நிலங்கள் யாவற்றையும் துருவி ஆராயும் ஆற்றல் அவர்களுக்கு இருக்கவில்லை.

1793ஆம் ஆண்டிற் கோண்வாலிஸ் பிரபு நிரந்தர நிலவரித் திட்டத்தை நிறுவினார். ஜமீன்தார்கள் இறுக்கவேண்டிய தொகை என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. அத்தொகையைக் கணிக்கும்போது இறையிலி நிலங்கள் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. அவற்றைப் பற்றி அதே ஆண்டின் 19ஆம், 37ஆம் ஒழுங்குவிதிகள் தனியே பேசின. கம்பனி திவானி பெற்ற நாளுக்கு முன்னர் வழங்கப்பட்டு, உண்மையாகவே அனுபவிக்கப்பட்டு வந்த கொடைகள் செல்லும். அந்நாளுக்குப் பின்னர் வழங்கப்பட்டவை, உரிய அதிகாரத்தால் உறுதிசெய்யப்பட்டிருந்தாலன்றிச் செல்லா. 1790 டிசம்பர் 1ஆம் நாளுக்குப் பின்னர் வழங்கப்பட்டவை அறவே செல்லா. சமயத்துக்கும் தருமத்துக்கும் விடப்பட்ட மிகச் சிறு நிலங்களுக்குச் சில சலுகைகள் காட்டப்பட்டன.

இவ்விதிகளிற் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, பதிவு பற்றியது. இறையிலி நிலம் வைத்திருப்போர் ஓராண்டுக்குள் தம் உரிமையைக் கலெக்டரின் ஏட்டிற் பதியவேண்டும் என்றும், தவறுவோர் விலக்கை இழப்பர் என்றும் கூறப்பட்டது. இரண்டாவது, பறித்த நிலத்தின் வருவாய் யாருக்குச் சேரும் என்பது பற்றியது. செல்லாத கொடை நூறு பிகாவுக்கு மேற்பட்டதாயின் அதன் வரி அரசுக்கு உரியது. நூறு பிகாவுக்குட்பட்டதாயின் அஃது அவ்விடத்து ஜமீன்தாருக்கு உரியது. ஒரு பிகா ஏறத்தாழ ஓர் ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. எனவே, ஏறத்தாழ முப்பத்துமூன்று ஏக்கர் வரையிலான சிறு நிலங்களின் தலைவிதி ஜமீன்தாரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. பாட்டனார் புண்ணியம் கருதி ஓர் ஆசிரியருக்கு விட்ட காணியைப் பேரனார் சட்டத்தின் பெயரால் மீட்டுக்கொள்ள வழி பிறந்தது. கொடுத்தவனின் வழித்தோன்றலே பறிப்பவனும் ஆனான். அரசு அவனுக்குச் சட்டத்தைத் துணையாக்கிற்று.

பதிவு ஏடுகளின் கதை மேலும் இரங்கத்தக்கது. நிலம் வைத்திருந்தோர் தாயிதாத் எனப்பட்ட விவரப் பத்திரங்களைக் கச்சேரிகளிற் சமர்ப்பித்தனர். சமர்ப்பித்தவரும் உளர், செய்தி எட்டாத காரணத்தால் சமர்ப்பியாதவரும் உளர். பதிவேடுகள் ஒழுங்காகப் பேணப்படவில்லை. விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்துவதில் அரசும் அக்காலத்தில் ஊக்கங்காட்டவில்லை. வாங்கிய பத்திரங்கள் கட்டுக் கட்டாய்க் கிடந்தன. ஒரு தலைமுறை கழிந்தது. உரிமை பற்றி எவரும் கேளாதிருந்தமையால் அது நிலைத்துவிட்டது என்று மக்கள் நம்பினர். பிள்ளைகள் காணியைப் பங்கிட்டனர், சிலர் விற்றனர், சிலர் வாங்கினர். அரசின் மௌனத்தை மக்கள் சம்மதமென்று கொண்டனர்.

மௌனம் கலைந்தது

நிரந்தரத் திட்டத்தின் கீழ் ஜமீன்தார்களிடமிருந்து கூடுதலாக ஒரு காசும் பெற இயலாது. ஆனால் கம்பனியின் செலவோ ஆண்டுதோறும் பெருகிற்று. 1824 முதல் 1826 வரை நடந்த முதலாவது பர்மியப் போர் கருவூலத்தைப் பெரிதும் வற்றச் செய்தது. பூட்டிய கதவின் முன் நின்ற ஆட்சியாளர், பூட்டாதிருந்த ஒரு பக்கக் கதவைக் கண்டனர். அதுவே இறையிலி நிலங்கள்.

1819ஆம் ஆண்டின் 2ஆம் ஒழுங்குவிதி இந்நிலங்களைப் பற்றி விசாரிக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்கு வழங்கியிருந்தது. எனினும் நிலத்தை இழந்தவர் சாதாரண நீதிமன்றத்துக்குச் செல்லும் வழி திறந்தே இருந்தது. நீதிமன்றங்கள் மெல்ல நடந்தன. சில வேளைகளில் அரசுக்கு எதிராகவும் தீர்த்தன. 1828ஆம் ஆண்டின் 3ஆம் ஒழுங்குவிதி இத்தடையை நீக்கிற்று. கலெக்டரின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பின் வலிமையைப் பெற்றது. அதற்கு எதிரான மேன்முறையீட்டை இதற்கென நியமிக்கப்பட்ட விசேட ஆணையாளர்களே விசாரித்தனர். வரி அறவிடும் பொறுப்புடைய அதிகாரியே, வரி உண்டா இல்லையா என்று தீர்க்கும் நீதிபதியும் ஆனார். வருவாயைப் பெருக்குவது தம் கடமையென்று கொண்ட ஓர் அதிகாரியிடம், எதிரே நிற்கும் ஏழைக் குடியானவனின் பழைய ஓலை எத்துணை மதிப்பைப் பெற்றிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்விசாரணை மண்டபத்தின் காட்சியை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கொடையை நிறுவவேண்டும். கொடுத்தவர் இறந்தார், பெற்றவர் இறந்தார், கண்டவரும் இறந்தார். வங்காளமோ ஈரம் மிகுந்த ஆற்றுநிலம். வெள்ளம் வீட்டைக் கொண்டுபோகும். தீ கூரையைக் கொண்டுபோகும். எஞ்சிய தாளைக் கறையான் கொண்டுபோகும். நிலம் அங்கேயே கிடக்கிறது. அதில் நின்ற பாடசாலையும் விளக்குமாடமும் ஊரார் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால், காணவேண்டிய பொருள் அவையல்ல என்று மண்டபத்தில் இருப்பவர் கூறுகிறார். அவர் காண விரும்புவது முத்திரையிட்ட தாள். அத்தாள் இருப்பினும் அது பாரசீகத்தில் இருக்கும். 1837ஆம் ஆண்டுச் சட்டம் பாரசீகத்தை அலுவலக மொழி என்னும் நிலையிலிருந்து அகற்ற வழிசெய்தது. தந்தை பெற்ற சாசனத்தின் மொழியும், மகன் மேன்முறையீடு செய்யவேண்டிய மேலிடத்தின் மொழியும், அவன் வீட்டில் பேசிய மொழியும் வெவ்வேறாயின.

பெருநிலம் வைத்திருந்தோர் கல்கத்தாவில் வழக்கறிஞரை அமர்த்தினர். பழைய பத்திரங்களைத் தேடிப் பிரதி எடுக்க அவர்களுக்குப் பணியாளர் இருந்தனர். சாசனங்களைப் பெட்டகத்தில் வைத்துக் காக்கும் செல்வமும் இருந்தது. சிறு காணிக்காரனுக்கு இவை எவையும் இல்லை. விசாரணைக்காகக் கச்சேரிக்கு நடந்து, காத்திருந்து, எழுத்தருக்குக் கையுறை கொடுத்து, மீண்டும் நடந்து, ஈற்றில் அவன் செலவிட்ட பணம் காணியின் பெறுமதியைத் தாண்டியிருக்கக்கூடும். நடைமுறை எல்லோருக்கும் ஒன்றே என்பது சட்டத்தின் கூற்று. ஆனால், அந்நடைமுறையை நிறைவேற்றும் ஆற்றல் எல்லோருக்கும் ஒன்றாய் இருந்ததில்லை. சல்லடை ஒன்றுதான், அதன் கண்களின் அளவை யார் தீர்மானித்தார் என்பதே கேள்வி.

இதனை எதிர்த்து எழுந்த குரல்களும் இதே உண்மையை வேறொரு முகத்தாற் காட்டுகின்றன. 1828இன் ஒழுங்குவிதியை எதிர்த்து இராம்மோகன் ராய் முதலியோர் விண்ணப்பித்தனர். பென்ரிங் பிரபுவின் அரசு அதனை ஏற்கவில்லை. பின்னர் கல்கத்தாவில் நிலவுடைமையாளர் சங்கம் தோன்றி 1838இல் இயங்கத் தொடங்கிற்று. துவாரகாநாத் தாகூர், இராதாகாந்த தேவ், பிரசன்ன குமார் தாகூர் ஆகியோர் அதில் முன்னின்றனர். இந்தியாவில் எழுந்த முதல் அரசியல் அமைப்புகளுள் ஒன்று வரிவிலக்கைக் காக்கும் பொருட்டுப் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால், அச்சங்கம் யாருடைய சங்கம்? நூறு பிகாவுக்குட்பட்ட நிலங்களை மீட்கும் உரிமை பெற்றிருந்த ஜமீன்தார்களின் சங்கம் அது. அரசு தம்மிடமிருந்து பறிப்பதை எதிர்த்த அவ்வகுப்பினர், தாம் தமக்குக் கீழ்ப்பட்டோரிடமிருந்து பறிப்பதை அநீதியென்று கருதியதாகத் தெரியவில்லை.

இலாபமும் நட்டமும்

1871இல் வெளிவந்த இந்திய முஸ்லிம்கள் பற்றிய தமது நூலில், ஆங்கில அதிகாரியான வில்லியம் வில்சன் ஹன்ரர் இந்நடவடிக்கையின் கணக்கைத் தந்துள்ளார். விசாரணைகளுக்காக அரசு செலவிட்டது எட்டு லட்சம் பவுண். அதனால் ஆண்டுதோறும் நிலையாகக் கிடைத்த கூடுதல் வருவாய் மூன்று லட்சம் பவுண். நூற்றுக்கணக்கான பழங்குடும்பங்கள் அழிந்தன என்றும், முஸ்லிம்களின் கல்வி முறை ஏறத்தாழ முற்றாகவே இத்தகைய நிலங்களைச் சார்ந்திருந்தமையால் அது மரண அடி பெற்றது என்றும் அவர் எழுதினார். ஹன்ரர் அரசுக்கு எதிரானவரல்லர். அரசின் நலன் கருதியே எழுதியவர். அவரது கூற்றில் மிகை உண்டென்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கருதுவர். அடி விழுந்தது முஸ்லிம்கள்மீது மட்டுமன்று. பிரமோத்தர நிலத்தில் வாழ்ந்த சமஸ்கிருத ஆசிரியரும் அதனைத் தாங்கினர். ஆயினும், கல்வி நிலையங்கள் நிலமிழந்து நலிந்தன என்னும் அடிப்படை உண்மையை மறுத்தற்கில்லை.

இதே ஆண்டுகளில் நடந்த மற்றொரு விசாரணையை இதனருகே வைத்துப் பார்த்தல் தகும். 1835 முதல் 1838 வரை வில்லியம் அடம் என்னும் ஸ்கொத்லாந்தியர், அரசின் பணிப்பின்பேரில் வங்காளத்திலும் பீகாரிலும் நிலவிய சுதேசக் கல்வியை ஆராய்ந்து மூன்று அறிக்கைகள் சமர்ப்பித்தார். கிராமந்தோறும் சென்று பாடசாலைகளை எண்ணினார். ஆசிரியரின் வருவாயை விசாரித்தார். நிலக்கொடையால் வாழ்ந்த கல்விக்கூடங்களையும் குறித்தார். இருக்கும் பாடசாலைகளையே அடிப்படையாகக் கொண்டு கல்வியை வளர்க்கலாம் என்பது அவரது பரிந்துரை. அரசு அதனை ஏற்கவில்லை. 1835இல் மக்கோலேயின் குறிப்பைத் தொடர்ந்து ஆங்கிலக் கல்விக்கே பொதுப்பணம் என முடிவாயிற்று.

ஆக, ஒரே அரசின் இரு கைகள் ஒரே காலத்தில் ஒரே கிராமத்தைத் தொட்டன. ஒரு கையைச் சேர்ந்தவர் அங்கே பாடசாலை உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். மறு கையைச் சேர்ந்தவர் அங்கே சாசனம் உண்டா என்று கேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார். முதல்வரின் ஏட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால், எந்தக் கொடை இன்றும் தன் நோக்கத்தை நிறைவேற்றுகிறது என்பது இரண்டாமவருக்கு விளங்கியிருக்கும். அவ்வேடு அவருக்குத் தேவைப்படவில்லை. 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கல்விக்கென ஆண்டுதோறும் ஒதுக்கக் கூறிய தொகை ஓரிலட்சம் ரூபாய். ஹன்ரர் குறிப்பிடும் மூன்று லட்சம் பவுண் அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ முப்பது லட்சம் ரூபாய். கொடுத்ததையும் எடுத்ததையும் எம் மாணவர்களே ஒப்பிட்டு நோக்குவார்களாக.

உழுதவனுக்கு இதனால் என்ன கிட்டியது? இறையிலி நிலங்கள் சலுகை பெற்றோரின் நிலங்கள் என்று முன்னர்க் கூறினோம். அச்சலுகை ஒழிந்தபோது அதன் பயன் குடியானவனை அடைந்திருந்தால், நாம் அதனை வரவேற்கக் கடமைப்பட்டவராவோம். ஆனால், மீட்கப்பட்ட நிலத்தின்மீது வரி ஏறியபோது அது ஈற்றில் அவன் தோளிலேயே இறங்கிற்று. சலுகையை ஒழிப்பது ஒன்று. சலுகையைக் கைமாற்றுவது வேறொன்று. கம்பனி செய்தது இரண்டாவதையே.

பதிவு தீதோ?

இங்கு ஓர் ஐயம் எழலாம். பதிவும் சாசனமும் கேட்காமல் எந்த அரசு விலக்களிக்க முடியும்? சொல்லை மட்டும் நம்பினால் நாடே இறையிலி ஆகிவிடாதோ? நியாயமான ஐயமே. பதிவு தீது என்பது எமது கருத்தன்று.

சோழர் காலத்திலும் நடைமுறை இருந்தது. அது எளிதானதும் அன்று. முதலாம் இராஜராஜன் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடுகள் இன்று லெய்டன் நகரில் பேணப்பட்டு வந்தவையாக அறியப்படுகின்றன. மன்னன் வாய்மொழியாக ஆணையிட்டான், அதை அதிகாரிகள் ஓலையில் எழுதினர், பலர் கையொப்பமிட்டனர், வரிக்கணக்கிற் பதிந்தனர், அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில் அது செப்பேட்டில் நிலைபெற்றது. இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வரிக்கணக்கிற் பதிவது அரசின் அலுவலருடைய கடமையாக இருந்தது. பெற்றவர் கடந்து தீரவேண்டிய பொறியாக அது வைக்கப்படவில்லை. எனினும், செப்பேடு பெரிய விகாரங்களுக்கும் பெருங்கோயில்களுக்குமே கிட்டிற்று. செம்பைக் கறையான் தின்னாது. சிற்றூர் ஆசிரியனுக்குச் செம்பில் எழுதிக் கொடுத்தார் யார்? அக்காலத்திலும் நிலைத்த சான்று வலியோரின் சான்றாகவே இருந்தது.

சாசனம் கேட்பது குற்றமன்று. சாசனம் இல்லையெனில் வேறெந்தச் சான்றையும் நோக்க மறுப்பதே குற்றம். இதை ஆங்கில ஆட்சியே பின்னர் ஒருவாறு ஒப்புக்கொண்டது. பம்பாய் மாகாணத்தில் 1852ஆம் ஆண்டின் 11ஆம் சட்டத்தின்கீழ் இனாம் ஆணைக்குழு கடுமையாகச் செயற்பட்டது. ஆயிரக்கணக்கான உரிமைகளை அது நிராகரித்தது. அதனால் மூண்ட வெறுப்பு 1857இன் பேரெழுச்சிக்கான காரணங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியராற் குறிக்கப்படுகிறது. அவ்வெழுச்சி எழுந்த மறு ஆண்டில், 1858இல், சென்னை மாகாணத்தில் இனாம் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஜோர்ஜ் நோபிள் ரெயிலர் அதன் முதல் ஆணையாளர். தமிழகத்தின் கோயில் மானியங்களும், குளம் காப்போருக்கு விட்ட தசபந்த நிலங்களும், ஊர்த் தொழிலாளரின் ஊழிய மானியங்களும் இதன் பார்வைக்கு வந்தன. இங்கு விதி மாறிற்று. ஐம்பது ஆண்டுகள் இடையறாது அனுபவித்து வந்தமையே போதிய சான்றாக ஏற்கப்பட்டது. தனிப்பட்டோரின் இனாம்கள் ஜோடி எனப்படும் சிறுவரிக்கு உட்பட்டு நிலையான உடைமையாக உறுதிசெய்யப்பட்டன.

வங்காளத்தில் இயலாதென்று கூறப்பட்டது சென்னையில் எங்ஙனம் இயன்றது? அறிவு வளர்ந்தது என்று சிலர் கூறுவர். 1857இன் அச்சமே அவ்வறிவை வளர்த்தது என்று நாம் கூறுவோம். நடைமுறையின் கடுமை சட்டத்தின் இயல்பினாற் பிறப்பதில்லை. மக்களின் எதிர்ப்பாற்றலை ஆட்சியாளர் எங்ஙனம் மதிப்பிடுகின்றனர் என்பதைப் பொறுத்தே அது கூடுகிறது, குறைகிறது.

எமது தீவில்

இலங்கையிலும் இதே கையெழுத்தைக் காணலாம். ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் வெளியிடப்பட்ட 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனம், கண்டிப் பகுதிகளின் விகாரை, தேவாலயக் காணிகளுக்கு வரிவிலக்கு அளித்தது. மறு ஆண்டிலேயே அக்காணிகளைப் பதியுமாறு பணிக்கப்பட்டது. 1856ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மீண்டும் ஆணையாளர்களை நியமித்து, எது கோயிற் காணி, எது அன்று என்று தீர்க்கச் செய்தது.

இவற்றினும் கொடியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது வரிவிலக்கைப் பற்றியதன்று. காணியின் உரிமையைப் பற்றியது. ஆயினும் அதன் தருக்கம் வங்காளத்தின் தருக்கமே. காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. கண்டிப் பகுதிகளிற் சேனை நிலத்துக்கு உரிமை கோருவோர் சன்னஸ் அல்லது கொடைச் சாசனம் காட்டவேண்டும். இல்லையேல் இருபது ஆண்டுகளுள் வழமையான வரியோ ஊழியமோ செலுத்தியமையை நிறுவவேண்டும். அச்சட்டமே தன் வாசகத்தில், இப்பகுதிகளில் இதுவரை தோம்புகள் ஏற்படுத்தப்படவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. தோம்பு எழுதாதது அரசு. தோம்பு இல்லாமையின் தண்டனை கிராமவாசிக்கு! 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசுநிலச் சட்டமோ அறிவித்தல் கொடுத்து, குறித்த காலத்துக்குள் உரிமை கோராதவரின் காணியை முடிக்குரியதென அறிவிக்க வழிசெய்தது. அக்காலம் மூன்று மாதமாகவும் இருக்கலாம். வாசிக்கத் தெரியாதவன் வாசிக்காமல் விட்ட அறிவித்தல் அவன் காணியைக் கொண்டுபோயிற்று. தோட்டப்பயிர்ச் செய்கைக்கு நிலம் திரட்டப்பட்ட வழிகளுள் இதுவும் ஒன்று.

இன்றைய வினா

ஏகாதிபத்தியம் நீங்கிற்று, வினா நீங்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் மங்களூர் இரசாயனப் பசளை நிறுவனத்தின் வழக்கில் ஒரு நெறியைத் தெளிவாக உரைத்தது. கர்நாடக அரசு புதிய தொழிற்சாலைகளுக்கு விற்பனை வரிச் சலுகை அளித்திருந்தது. அதைப் பெற அதிகாரியின் முன்னனுமதி வேண்டும். நிறுவனம் காலத்தே விண்ணப்பித்தது, அனுமதி வரவில்லை. அனுமதி இல்லாததையே காரணங்காட்டிச் சலுகை மறுக்கப்பட்டது. நிபந்தனைகள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்றது நீதிமன்றம். சலுகையின் நோக்கத்தோடு பிணைந்த நிபந்தனை வேறு. வெறும் நடைமுறைக்கான நிபந்தனை வேறு. இரண்டையும் சமமாகக் கொள்ளுதல் தவறு என்று தீர்த்து, நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2018இல் திலீப் குமார் கம்பனி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து வேறொரு நெறியை வலியுறுத்தினர். விலக்களிக்கும் அறிவித்தலைக் கண்டிப்பாகவே பொருள்கொள்ள வேண்டும்; தனக்கு விலக்கு உண்டென நிறுவும் சுமை கோருபவருடையது; ஐயம் எழுந்தால் அதன் பயன் அரசுக்கே.

இரு நெறிகளிலும் நியாயம் உண்டு. பொதுப்பணம் மக்களின் பணம்; பெருமுதலாளி ஒருவர் சொற்களின் இடுக்கிற் புகுந்து அதனைக் கொண்டுபோக இடமளித்தல் ஆகாது. அதே வேளை, அலுவலகத்தின் தாமதத்தை விண்ணப்பித்தவரின் குற்றமாக்குதலும் ஆகாது. 1991இன் நெறி நல்ல நெறியே. ஆனால், அதனைப் பெற உச்ச நீதிமன்றம் வரை சென்றது ஒரு பெரிய நிறுவனம். அந்நெறி மிகத் தேவைப்பட்ட வங்காளத்துச் சிற்றூர் ஆசிரியனுக்கு அது கிடைக்கவில்லை. அவன் வழக்கைத் தீர்த்தவர் அவனிடம் வரி அறவிட வந்தவரே.

ஆகவே, வரிவிலக்குப் பற்றிய எந்தச் சட்டத்தையும் படிக்கும்போது எம் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இந்த நிபந்தனை விலக்கின் நோக்கத்தைக் காக்கிறதா, அல்லது அலுவலகத்தின் வசதியை மட்டும் காக்கிறதா? ஏடு பேணவேண்டிய கடமை யாருடையது, ஏடு இல்லாமையின் நட்டம் யாருடையது? தீர்ப்பவர் யார், தீர்ப்பினாற் பயன்பெறுபவர் யார்? இம்மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்குமாயின், பதிவும் முத்திரையும் மக்களின் காவலாகும். கிடையாதாயின், அவை பறிப்போரின் கருவியாகும்.

கறையான் தாளைத் தின்றது. அது கறையானின் இயல்பு. தின்ற தாளோடு உரிமையும் போயிற்று என்று எழுதியவன் மனிதன். அவன் எழுதியதை மாற்றி எழுதும் ஆற்றலும் மனிதருக்கே உண்டு.